ஒரு பளிங்கின் முன் 34 ஆண்டுகள்

நீரிழிவு நோயாளர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தை எமது நாட்டில் தேடிக் கண்டுபிடிப்பது இன்று கடினமாகிவிட்டது. பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவோரத்தில் இன்சுலின் குப்பியொன்று நிரந்தரமாக இடம்பிடித்திருக்கிறது. நோன்பு மாதம் நெருங்கும் வேளையில் ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் முதியவர்களை நாம் அறிவோம். கந்தசஷ்டி விரத காலத்திலும் இதே விசாரிப்புத்தான். இம்மருந்தை 1921 இல் ரொறன்ரோவில் பிரித்தெடுத்த பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் பெயர்களைப் பாடசாலை மாணவரும் கூறுவர். ஆனால், அந்த இன்சுலினின் மூலக்கூறு எத்தகைய வடிவுடையது, அதில் எந்த அணு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிய 1935 இல் புறப்பட்டு, 1969 இல் போய்ச் சேர்ந்த பெண்மணியின் பெயர், விஞ்ஞான உலகு நன்கறிந்த பெயராயினும், எமது இல்லங்களில் அதிகம் உச்சரிக்கப்படுவதில்லை. அவர்தான் டொரத்தி ஹொட்ஜ்கின்.

டொரத்தி மேரி குரோபுட் 1910 மே 12 ஆம் திகதி எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தை ஜோன் குரோபுட் அங்கு கல்வித்துறையில் பணியாற்றியவர்; பின்னர் சூடானின் கல்விப் பணிப்பாளராகவும் கார்ட்டூமில் இருந்த கோர்டன் நினைவுக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். கார்ட்டூம் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் அக்கல்லூரியிலிருந்தே வளர்ந்தது. தாயார் கிரேஸ் பல்கலைக்கழகம் செல்லாதவர். ஆயினும் சூடானின் பூக்கும் தாவரங்களைப் பற்றி நூல் எழுதினார். நைல் நதிக்கரைப் பெண்கள் நூல் நூற்கும் விதத்தையும் நெசவையும் அருகிலிருந்து கற்றுப் பண்டைத் துணிகள் பற்றிய ஆய்வில் நிபுணராக மதிக்கப்பட்டார். அரபு மண்ணில் பிரித்தானிய ஆட்சியின் உத்தியோகத்தர் குடும்பமாகவே அவர்கள் வாழ்ந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அத்தகைய குடும்பத்தில் பிறந்த டொரத்தி எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பின்னர் காண்போம்.

1914 இல் விடுமுறைக்காக இங்கிலாந்து வந்திருந்த வேளையில் முதலாம் உலகப் போர் மூண்டது. நான்கு வயது டொரத்தியும் இரு தங்கையரும் பாட்டன் பாட்டியின் பராமரிப்பில் விடப்பட்டனர். போர் முடியும்வரை பெரும்பாலும் பெற்றோரைப் பிரிந்தே வளர்ந்தனர். போரினால் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் கதை எமக்குப் புதியதன்று. அதே போரில் தம் சகோதரர்களைப் பறிகொடுத்த தாயார் சமாதான இயக்கங்களில் தீவிர ஈடுபாடு கொண்டவரானார். அந்த ஈடுபாடு மகளுக்கும் வந்து சேர்ந்தது.

பத்து வயதளவில் சிறியதொரு வகுப்பில் படிகாரத்தினதும் செப்புச் சல்பேற்றினதும் கரைசல்களிலிருந்து பளிங்குகள் வளர்வதை டொரத்தி முதன்முதலாகக் கண்டார். இங்கு பளிங்கு என்பது கட்டடங்களுக்குப் பதிக்கும் கல்லன்று. கற்கண்டைப் போல, உப்புக் கல்லைப் போல, தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் கொண்டு தானாக உருப்பெறும் திண்மமே அது. 1923 இல், தமது 13 ஆவது வயதில், பெற்றோரைக் காண கார்ட்டூம் சென்றிருந்தபோது, ஜோசப் என்ற மண் இரசாயனவியலாளர் அச்சிறுமிக்கு இரசாயனப் பொருட்களும் கனிய மாதிரிகளும் அடங்கிய பெட்டியொன்றைக் கொடுத்தார். வீட்டுத் தோட்டத்து நீரோடையில் கிடைத்த கரிய கனியமொன்றைத் தாமாகவே சோதித்து அது இல்மனைற்று என்று டொரத்தி கண்டறிந்தார். எமது புல்மோட்டைக் கரையில் குவிந்து கிடப்பதும் அதே இல்மனைற்றுத்தான். 16 ஆவது பிறந்த நாளுக்குத் தாயார் அளித்த, வில்லியம் பிராக் எழுதிய நூலொன்று, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் காண இயலும் என்ற செய்தியை அவருக்கு அறிவித்தது. 1928 இல் ஒக்ஸ்போர்டின் சமவில் கல்லூரியில் இரசாயனவியல் பயிலச் சேர்ந்தார். 1932 இல் முதலாம் வகுப்பில் சித்தியடைந்தார்.

அவர் தெரிந்தெடுத்த தொழில் எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதனை விளங்கிக்கொள்ளாமல் அவருடைய வாழ்வை விளங்கிக்கொள்ள முடியாது. பளிங்கொன்றினுள் மூலக்கூறுகள் வரிசை வரிசையாக ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் மீது எக்ஸ் கதிர் விழும்போது, கதிர் நேரே செல்வதோடு நில்லாமல் பல திசைகளில் சிதறி, சில குறித்த திசைகளில் மட்டும் பலம்பெற்று வெளிவருகிறது. எமது பாடப்புத்தகங்கள் கோணல் என்று கூறும் தோற்றப்பாடு இதுவே. ஜேர்மனியில் லாவே என்பாரின் குழுவினர் இதனை 1912 இல் கண்டனர். மறு ஆண்டே பிராக் தந்தையும் மகனும் இதனைக் கொண்டு சாதாரண உப்பின் அமைப்பை விடுவித்தனர்.

செய்முறை கேட்பதற்கு எளிது. மில்லிமீற்றரின் சிறு பங்கேயான, வெடிப்பில்லாத ஒற்றைப் பளிங்கொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் தெரிந்தெடுத்து, மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் ஒட்ட வேண்டும். அதனைக் கதிரின் பாதையில் நிறுத்தி மிக மெதுவாகச் சுழற்ற வேண்டும். சுற்றிலும் வளைத்து வைத்த பிலிமில் மணிக்கணக்கில் கதிர் பட வேண்டும். பின் இருட்டறையில் பிலிமைக் கழுவினால் கரும்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கருமையானது என்பதை, அளவு குறித்த ஒப்பீட்டுப் பட்டியொன்றுடன் வைத்து வெறுங் கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். பின்பு பளிங்கைத் திருப்பி வைத்து மீண்டும் ஆரம்பிக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் விடையின் பாதியே கையில் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் அங்கு வந்த அலையின் பலத்தைச் சொல்லுமேயன்றி, அவ்வலை ஏனைய அலைகளோடு ஒப்பிடுகையில் எக்கணத்தில் எழுந்தது, எக்கணத்தில் தாழ்ந்தது என்பதைச் சொல்லாது. தவிலின் ஒவ்வோர் அடியும் எவ்வளவு ஓங்கி ஒலித்தது என்று குறித்துக்கொண்டவர், அது தாளத்தில் எங்கு விழுந்தது என்பதைக் குறிக்காமல் விட்டால் எவ்வாறோ அவ்வாறே. தொலைந்துபோன அந்தத் தாளத்தை மீட்பதற்குப் பளிங்கினுள் பாரமான அணுவொன்று இருப்பது உதவும்; அதன் இடத்தை முதலில் கண்டுகொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடலாம். அதன் பின்னர் ஆயிரக்கணக்கான கூட்டல்கள், பெருக்கல்கள். இதற்குக் கணினி இல்லாத காலம் அது.

1932 இல் டொரத்தி கேம்பிரிட்ஜ் சென்று ஜே.டி. பேர்னலின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கு 1934 இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இத்துறையையே மாற்றியது. சுவீடனின் உப்சாலாவில் ஆய்வாளர் ஒருவர் பெப்சின் என்ற புரதத்தின் கரைசலைக் குளிரூட்டியில் வைத்துவிட்டு விடுமுறையில் சென்றார். திரும்பி வந்து பார்த்தபோது பெரிய, அழகிய பளிங்குகள் வளர்ந்திருந்தன. அவற்றுட் சில, வளர்ந்த கரைசலோடு சேர்த்தே பேர்னலிடம் கொண்டுவரப்பட்டன. வெளியே எடுத்துக் காயவிட்ட பளிங்கு உருப்படியான புள்ளிகளைத் தரவில்லை. அது நீரை இழந்து குலைவதைக் கவனித்த பேர்னல், பளிங்கை அதன் கரைசலுடனேயே நுண்ணிய கண்ணாடிக் குழாயினுள் அடைத்துப் படமெடுத்தார். புள்ளிகள் நிறைந்த படம் கிடைத்தது. புரதங்களுக்கும் நிச்சயமான ஒழுங்கமைப்பு உண்டு என்பதற்கு முதற் சான்று அதுவே. பேர்னலும் டொரத்தியும் அதனைக் கூட்டாக வெளியிட்டனர்.

முதற் படம் எடுக்கப்பட்ட நாளில் டொரத்தி ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. கைகளில் ஏற்பட்ட வலிக்காக இலண்டனில் வைத்தியரிடம் சென்றிருந்தார். மூட்டுவாதம் என்று சொல்லப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24. நான்கு ஆண்டுகளின் பின், மூத்த மகன் பிறந்த காலத்தில், அந்நோய் கடுமையாகத் தாக்கி விரல்களை நிரந்தரமாகக் கோணச் செய்தது. தலைமுடியின் தடிப்பையொத்த பளிங்குகளைப் பொருத்துவதே தொழிலாகக் கொண்டவருக்கு நேர்ந்த கதி இது. எக்ஸ் கதிர் உபகரணத்தின் ஆளியைப் போட விரல்கள் இடங்கொடாதபோது, அதற்கு நீண்ட நெம்புகோல் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் பளிங்கு பொருத்துவதைப் பார்த்தவர்கள் வியந்தனரேயன்றி இரங்கவில்லை.

1934 இறுதியில் ஒக்ஸ்போர்ட் திரும்பியவருக்குக் கிடைத்த ஆய்வுகூடம், பல்கலைக்கழக நூதனசாலையின் ஒரு மூலையிலிருந்த அறை. வெளிச்சம் வரும் யன்னல் உயரத்தில் இருந்தமையால், பளிங்கை ஒரு கையில் ஏந்தி, ஏணியில் ஏறிச் சென்று நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டியிருந்தது. இரசாயனவியலாளர்களின் கழகக் கூட்டங்களுக்குப் பெண்கள் அனுமதிக்கப்படாத காலம் அது. உபகரணம் வாங்கப் பணம் பெற்றுத் தந்தவர் அங்கிருந்த பேராசிரியர் ரொபேர்ட் ரொபின்சன். அவரே சிறிதளவு இன்சுலினையும் அவரிடம் கொடுத்தார். டொரத்தி அதனை நாக உப்புடன் சேர்த்து, மெதுவாகக் குளிரவிட்டு, பளிங்குகளாக வளர்த்துப் படமெடுத்தார். இரவில் அந்தப் பிலிமைக் கழுவி, மையத்தைச் சுற்றிச் சின்னஞ்சிறு புள்ளிகள் தோன்றக் கண்டபோது, வீடு செல்ல மனமின்றி ஒக்ஸ்போர்ட் வீதிகளில் நெடுநேரம் நடந்து திரிந்தாராம். அது 1935. வயது 25.

அந்த மகிழ்ச்சிக்குப் பின் அவர் செய்யாமல் விட்ட ஒன்றைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். இன்சுலினின் அமைப்பு இதுதான் என்று அவர் அறிவிக்கவில்லை. அறிவித்தவர் வேறொருவர். அவருடைய நண்பரும் கணிதவியலாளருமான டொரத்தி ரின்ச், புரதங்கள் யாவும் வலைக்கூடு போன்ற அமைப்புடையவை என்ற கொள்கையை முன்வைத்து, இன்சுலின் படங்களும் அதற்குச் சான்று என வாதிட்டார். பத்திரிகைகளிலும் அது பரபரப்பாயிற்று. அத்தரவுகளுக்கு உரியவரான எமது டொரத்தி, அவை அவ்வளவு தூரம் செல்லப் போதியவை அல்ல என்ற நிலையிலேயே நின்றார். ரின்சின் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. இன்சுலின் பளிங்கின் படங்கள் ஒரு பக்கத்தில் வைக்கப்பட்டன. முறைகள் முதிரும்வரை காத்திருக்க அவர் தீர்மானித்தார்.

இதற்கிடையில் 1937 இல் தோமஸ் ஹொட்ஜ்கினை மணந்தார். பலஸ்தீனத்தில் பிரித்தானிய நிர்வாகத்தில் பணியாற்றி, அந்த ஆட்சியின் போக்கில் வெறுப்புற்றுப் பதவி துறந்து வந்தவர் தோமஸ். பிற்காலத்தில் ஆபிரிக்க வரலாற்றை ஆபிரிக்கரின் பக்கம் நின்று எழுதியவர்களுள் முன்னோடியானார். பிள்ளைகள் மூவர். கணவர் தொழில் நிமித்தம் வேறூர்களில் இருந்த ஆண்டுகளே அதிகம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது புளோரி, செயின் ஆகியோர் ஒக்ஸ்போர்டிலேயே பென்சிலினை மருந்தாக்கிக் கொண்டிருந்தனர். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் செயற்கையாகச் செய்யலாம் என்ற எதிர்பார்ப்பில் இரு நாடுகளின் இரசாயனவியலாளரும் முனைந்திருந்தனர். டொரத்தியும் அவருடைய மாணவி பார்பரா லோவும் பென்சிலினின் பொட்டாசியம், ருபீடியம் உப்புகளின் பளிங்குகளைப் படமெடுத்தனர். வேறோர் ஆய்வுகூடத்தில் பன் என்பவர் சோடியம் உப்பை எடுத்துக்கொண்டார். கணக்குகளின் ஒரு பகுதி துளையிட்ட அட்டைகளை வாசிக்கும் இயந்திரங்களில் செய்யப்பட்டது. 1945 இல், ஐரோப்பாவில் போர் ஓய்ந்த நாட்களில், விடை கிடைத்தது. மூன்று காபன் அணுக்களும் ஒரு நைதரசன் அணுவும் கொண்ட நான்கு அங்க வளையம் ஒன்று மூலக்கூறின் நடுவே இருந்தது. அத்தகைய வளையம் நிலைத்து நில்லாது என்பது பல இரசாயனவியலாளரின் உறுதியான கருத்து. அக்கருத்தின் தலையாய ஆதரவாளர் வேறு யாருமல்லர். டொரத்திக்கு உபகரணமும் இன்சுலினும் பெற்றுத் தந்த அதே ரொபேர்ட் ரொபின்சன். 1947 இல் நோபல் பரிசு பெறவிருந்த பேராசிரியர் ஒருபுறம். நிரந்தரமான பல்கலைக்கழகப் பதவிகூட அப்போது இல்லாத, கைகள் கோணிய பெண்மணி மறுபுறம். புள்ளிகள் அளக்கப்பட்டிருந்தன, அவற்றை மறுக்க எவராலும் இயலவில்லை. இன்று எமது மருந்தகங்களில் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வாங்கும் அமொக்சிசிலினுள்ளும் அந்த நான்கு அங்க வளையம் இருக்கிறது.

1948 இல் விற்றமின் பி12 இன் செந்நிறப் பளிங்குகள் அவரிடம் வந்தன. உயிராபத்தான இரத்தசோகை ஒன்றைத் தீர்க்கும் பொருள் அது. ஐதரசன் நீங்கலாக 93 அணுக்கள். நடுவே ஒரு கோபால்ட் அணு. அந்நாளில் அத்தனை பெரிய மூலக்கூறொன்றை எக்ஸ் கதிரால் மட்டும் விடுவிக்கலாம் என நம்பியோர் சிலரே. கலிபோர்னியாவில் ட்ரூபிளட் என்ற விஞ்ஞானிக்குப் புதிய கணினியொன்றைப் பயன்படுத்தும் வசதி இருந்தது. ஒக்ஸ்போர்டிலிருந்து எண்கள் தபாலில் போயின. கணித்த முடிவுகள் தபாலிலும் தந்தியிலும் வந்தன. எட்டு ஆண்டு உழைப்பின் பின் 1956 இல் முழு அமைப்பும் வெளியாயிற்று. அதில் இரசாயனவியல் அதுவரை அறிந்திராத வளைய அமைப்பொன்று காணப்பட்டது.

1964 இன் இரசாயனவியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. மேரி கியூரி, அவருடைய மகள் ஐரீன் ஆகியோருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். செய்தி எட்டியபோது கணவர் பணியாற்றிய கானாவில் இருந்தார். பிரித்தானியப் பத்திரிகையொன்று அவரை ஒக்ஸ்போர்ட் இல்லத்தரசி என்று வர்ணித்துத் தலைப்பிட்டது. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் அத்தலைப்பை நினைத்து நாணாமல் இருக்க முடியாது.

அவருடைய அரசியல் அவருக்கு இடையூறுகளைக் கொண்டுவந்தது. 1953 இல் அமெரிக்காவில் நடந்த விஞ்ஞானக் கூட்டமொன்றுக்கு அழைக்கப்பட்டிருந்தும் விசா மறுக்கப்பட்டது. இடதுசாரித் தொடர்புகளே காரணம். அதன் பின்னர் நெடுங்காலம் விசேட அனுமதியின்றி அந்நாட்டினுள் செல்ல அவரால் இயலவில்லை. அவரோ சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று விஞ்ஞானிகளைச் சந்தித்தார். வியட்நாம் மீதான போரை எதிர்த்தார். அணு ஆயுதங்களுக்கு எதிரான பக்வோஷ் மாநாட்டு இயக்கத்துக்கு 1976 முதல் 1988 வரை தலைமை வகித்தார். சமவில் கல்லூரியில் அவரிடம் இரசாயனவியல் பயின்ற மார்கிரட் ரொபேர்ட்ஸ் என்ற மாணவியே பின்னர் மார்கிரட் தட்சர் என்ற பிரதமரானார். இருவரின் அரசியலும் இரு துருவங்கள். ஆயினும் பிரதமர் தமது வாசஸ்தலத்தில் ஆசிரியையின் படத்தை மாட்டியிருந்தார். ஆசிரியையும் வல்லரசுகளின் பகையைத் தணிப்பது பற்றி மாணவியிடம் வலியுறுத்தத் தயங்கவில்லை.

இன்சுலின் காத்திருந்தது. 1955 அளவில் பிரெட்றிக் சாங்கர் அதன் 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிந்துவிட்டார். அவை வெளியில் எவ்வாறு மடிந்து நிற்கின்றன என்பது தெரியவில்லை. பெரூட்சும் கென்ட்ரூவும் வேறு புரதங்களை விடுவித்துக் காட்டிய முறையை டொரத்தியின் குழுவினர் கையாண்டனர். ஈயம், யுரேனியம், இரசம் ஆகிய பாரமான அணுக்களை இன்சுலின் பளிங்கினுள் ஊறவைத்து, அவை எங்கெங்கு குடியேறின எனப் பார்க்க வேண்டும். பளிங்குகள் பல தடவை சிதைந்தன. சேர்த்த அணுக்கள் பல தடவை தாறுமாறாக இடம்பிடித்தன. கண்ணால் கருமை பார்த்த காலம் போய், பளிங்கைத் தானே திருப்பி ஒவ்வொரு புள்ளியையும் எண்ணும் கருவிகள் வந்தன. அவ்வசதியோடும் ஆண்டுகள் கழிந்தன. குழுவில் நியூசிலாந்து, பிரித்தானியா எனப் பல நாட்டு இளைஞர் இருந்தனர். இந்தியாவிலிருந்து வந்து, பின் பெங்களூரில் புரத ஆய்வைக் கட்டியெழுப்பிய எம். விஜயனும் அவர்களுள் ஒருவர். 1969 ஓகஸ்டில் படம் தெளிந்தது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரு நாக அணுக்களைச் சுற்றிக் கூடியிருந்தன. அதனை அறிவித்த கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் பத்து. ஹொட்ஜ்கினின் பெயர் எட்டாவது.

சீனாவில் பெய்ஜிங் விஞ்ஞானிகளும் கலாசாரப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே இன்சுலினைத் தனியாக ஆராய்ந்து அதே விடையைக் கண்டிருந்தனர். அவர்களுடைய வேலை வெளியுலகுக்குத் தெரியவில்லை. டொரத்தி நேரில் சென்று, இரு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, சீனரின் பணி தரமானது என்பதைச் சர்வதேச விஞ்ஞானிகளிடம் எடுத்துரைத்தார். போட்டியாளரின் வெற்றிக்குத் தாமே சாட்சியாக நிற்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

1969 உடன் அவர் நிறுத்தவில்லை. அதே பளிங்கை மேலும் நுணுக்கமாக அளந்து, மேலும் தெளிவான படத்தை 1988 இல் குழுவினருடன் வெளியிட்டபோது அவருக்கு வயது 78. இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எங்கெங்கு ஒட்டிக்கொள்கின்றன என்பது அப்படங்களில் தெரிந்தமையால், அவ்விடத்தில் இரு அமினோ அமிலங்களை இடம்மாற்றி, ஒட்டிக்கொள்ளாமல் விரைவில் இரத்தத்தில் கலக்கும் இன்சுலினை உருவாக்க முடிந்தது. அது 1996 இல் பாவனைக்கு வந்தது. உணவு உண்ணும் வேளையிலேயே ஏற்றிக்கொள்ளக்கூடிய அவ்வகை ஊசியை இன்று எமது நோயாளர் பலரும் அறிவர்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1970 முதல் 1988 வரை பதவி வகித்த காலத்தில், வெளிநாட்டு மாணவர் தங்குவதற்கான இல்லமொன்றும், தென்னாபிரிக்க மாணவர்க்கான புலமைப்பரிசிலும் அவருடைய ஆதரவுடன் ஏற்பட்டன. கணவர் 1982 இல், சூடானில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் வழியில், கிரேக்கத்தில் காலமானார். அதன்பின் டொரத்தியின் நடமாட்டம் குறைந்துகொண்டே வந்தது. 1993 இல் பெய்ஜிங்கில் பளிங்கியலாளரின் சர்வதேச மாநாடு கூடியபோது, பயணம் உடலுக்கு ஆகாது எனத் தெரிந்தும், சக்கர நாற்காலியில் அங்கு சென்று சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1994 ஜூலை 29 ஆம் திகதி, இங்கிலாந்தின் வொரிக்ஷயர் கிராமத்து வீட்டில், 84 ஆவது வயதில் காலமானார்.